கண்ணுக்கு முதலில், காதுக்குக் கடைசியில்

என் பிழைப்பு பத்தி பிரிப்பது. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, வலைப்பக்கங்களை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்து, எது இடப்பக்கம், எது நடுவில், எது ஓரம் என்று சிஎஸ்எஸ் என்ற கணினி மொழியில் எழுதுகிறேன். கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். எனக்கும் சில நாள் தோன்றும். ஆனாலும் நன்றாகச் செய்கிறேன் என்ற கர்வம் மட்டும் குறைந்ததில்லை.

வீடு ஆரியசாலையில், என் கணவர் குடும்பத்தின் மொத்த வியாபாரக் கடைக்கு மேல்மாடி. விழித்திரையில் வந்த நோய் நான்கு வருடத்துக்கு முன்பு அவருடைய மிச்சப் பார்வையையும் எடுத்துக்கொண்டது. மனிதர் அசரவில்லை. திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் குரலைப் போனில் போட்டுக்கொண்டார். நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் அது ஓடும். கடை ஆர்டர், பேங்க் மெசேஜ், கரண்ட் ஆபீஸ் அறிவிப்பு எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். "நான் வாசிச்சுச் சொல்லட்டுமா அத்தான்?" என்று கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நீ உன் வேலயப் பாரு" என்பார்.

அவருக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அந்த ஆஸ்பத்திரியின் வலைப்பக்கத்தைச் செய்தவள் நான்தான். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை தனியாக ஆட்டோவில் போனார். வெறும் வயிற்றோடு போயிருக்க வேண்டும். அவரோ நான் சுட்டுவைத்துவிட்டு வேலைக்குப் போன தோசை மூன்றைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். அடுத்த செவ்வாய் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பக்கம் செய்தவளுக்கே தெரியாதா என்று கேட்கலாம். வாசகத்தை நான் படிப்பதில்லை. எத்தனை வரி, எவ்வளவு இடம் பிடிக்கும் என்று மட்டும் பார்ப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர் சொன்ன பிறகுதான் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். இடப்பக்கம், முதல் பத்தியின் உச்சியில், மஞ்சள் பெட்டிக்குள் இருந்தது: ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது.

"மேலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே, கேக்கலியா அத்தான்?" என்று சுள்ளென்று கேட்டுவிட்டேன்.

"முழுசும் கேட்டேனே. டைம் சொல்லிச்சு, டாக்டர்மார் பேரு சொல்லிச்சு, அட்ரஸ், போன் நம்பர்... இது வரலியே." போனைக் கீழே வைத்தார். "கவுண்டர்ல இருந்த பொண்ணும் அதான் சொன்னா. 'ஏற்றவும் முகளில் தன்னே உண்டல்லோ சாரே'ன்னு. எல்லாத்துக்கும் மேலயே இருக்காம். நான்தான் விட்டிருப்பேன். குழப்பமில்ல, பரவால்ல. இனி நீயே வாசிச்சுச் சொல்லிரு, கேட்டியா."

மறுநாள் காலை பேங்க் மெசேஜ் ஒன்று வந்தது. போனை என் பக்கம் நீட்டினார். நான்கு வருடத்தில் முதல் தடவை. கடைக்கு வந்த ஆர்டரையும் கடையில் இருக்கும் தன் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம்.

வியாழக்கிழமை ஆபீஸில் வேறொரு வேலைக்காக அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தின் நிரலைத் திறந்தேன். வலைப்பக்கத்துக்கு இரண்டு வரிசை உண்டு. எழுதிவைத்த வரிசை ஒன்று, திரையில் காட்டுகிற வரிசை இன்னொன்று. சிஎஸ்எஸ்ஸில் ஒரே ஒரு வரி போட்டால், கடைசியாக எழுதிய பத்தி திரையில் முதலாவதாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். படித்துக்காட்டும் குரலுக்கு அந்த ஜாலம் தெரியாது. அது எழுதிவைத்த வரிசையிலேயே படித்துக்கொண்டு போகும். பக்கம் வெளியாக வேண்டிய அன்று சாயங்காலம், அந்த மஞ்சள் பெட்டியை முன்னால் கொண்டுவாருங்கள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். எடுத்து முன்னால் எழுதினால் மறுபடி எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். நான் அந்த ஒரு வரியைப் போட்டேன். சபாஷ் வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

அப்படிச் செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியாததில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லுவேன். வீட்டில் அப்படி ஒருவரை வைத்துக்கொண்டும் செய்தேன். அன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே வெட்கமாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டேன். பெட்டி இப்போது கண்ணுக்கும் முதல், காதுக்கும் முதல். ஆபீஸில் மேலாளரிடம் சொன்னேன். வீட்டில்தான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வாய் வரை வந்தது. சனி, ஞாயிறு வீட்டில்தான் இருந்தேன், சொல்லவில்லை. அவர் கத்துவார் என்று பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வேலை தெரிந்தவள் என்று அவர் என்னைப் பற்றி நினைப்பதை இழக்க மனசில்லை. அந்த நாட்களில் அவர் போனில் அந்தக் குரல் பேசவேயில்லை. எது வந்தாலும் என்னைக் கூப்பிட்டார், நான் படித்துச் சொன்னேன், சரி என்று கேட்டுக்கொண்டார். அவருடைய அந்தப் பணிவை என்னால் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே, "நாளைக்கு லீவு போட முடியுமா? கூட வா" என்றார்.

அப்போது சொன்னேன், நின்றபடியே. என்ன வரி, ஏன் போட்டேன், எப்போது கண்டுபிடித்தேன் எல்லாம் சொன்னேன்.

கத்தவில்லை. "அப்போ அது அட்ரஸுக்கும் அப்புறமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தான். எல்லாம் முடிஞ்சு, கடைசில."

"போன் நம்பர் வந்ததும் நான் நிறுத்திட்டேன். முடிஞ்சுதுன்னுதானே யாரும் நெனப்பாங்க." டம்ளரைத் தடவிக் கீழே வைத்தார். "அப்போ நான் கேட்டது சரிதான்."

"சரிதான்."

"கண்ணு போன மாதிரி இனி காதும் போகுதுன்னுல்லா ஆறு நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

அந்த ஆறு நாளில் நான்கு நாள் எனக்கு விஷயம் தெரிந்திருந்தது.