இருபத்திநாலாம் சைஸில் ஐந்து ஜோடி

கோழி அறுக்கும் ஆலையில் எங்கள் வரிசையில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. 'கத்தியக்கா' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். மேலே ஓடுகிற சங்கிலியில் கோழிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வரும். இடது கையால் தலையைப் பிடித்து வலது கையால் ஒரே இழுப்பு. அடுத்தது. அதிகாலை நாலு மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரைக்கும் இதுதான் வேலை. அவளுக்கு அடுத்து நின்று, சரியாக அறுபடாமல் வருகிற கோழிகளை நான் முடிக்க வேண்டும். ஏழு வருஷத்தில் அவள் எனக்கு வேலை வைத்தது விரல் விட்டு எண்ணக்கூடிய நாள்கள்தான்.

கத்தியில்லாத நேரத்திலும் அவளுக்குக் கைதான் முந்தும், வாய் பிறகு வரும். லாரியில் மூட்டை ஏற்றுகிற புருஷன், அவள் ஆறு மாசக் கர்ப்பமாக இருந்தபோது வயிற்றில் உதைத்தான். அவள் அடுப்பிலிருந்த இரும்புச் சட்டியை எடுத்து அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு போன சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம். கட்டுப் போட்ட கையோடு போனவன் திரும்பி வரவே இல்லை. மூன்று மாசம் கழித்து எட்டு நிமிஷ இடைவெளியில் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தன. முதலில் வந்தவன் முன்னவன், அடுத்தவன் பின்னவன். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பேர் இருந்தாலும் வீட்டில் இதே பேர்தான்.

ஐந்து வயதானதும் இருவரையும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாள். பள்ளிக்கூடம் கொடுத்த தாளில், 'குழந்தை ஒன்றுக்குக் குறைந்தது ஐந்து சீருடைகள்' என்று அச்சடித்திருந்தது. வெள்ளைச் சட்டை, நீல அரைக்கால்சட்டை. சின்ன வகுப்புகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே உடுப்புதான்.

அவளோடு அவள் தம்பியும் அந்த ஒற்றை அறையில் இருந்தான். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"பத்து ஜோடியா? கல்யாணத்துக்குக்கூட நான் அத்தனை எடுக்க மாட்டேன். ஆளுக்கு ஒண்ணு எடுக்கா. சாயங்காலம் அலசிப் போட்டா காலைல காஞ்சிடும்."

"மழை பெஞ்சா?"

"ஃபேனுக்கு அடில போடு."

"கரண்ட் போனா ஈரத்தையா மாட்டி விடுறது? நீதான் ஊதிக் காய வைக்கணும்."

நாலு நாள் இதே பேச்சு. வேலை நடுவிலும் என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அதனால் ஆளுக்கு இரண்டு கட்டாயம். மூன்று என்றால் மூச்சு விடலாம். ஆனால் இந்த வயதில் பிள்ளைகள் கீரைத் தண்டு மாதிரி வளர்வார்கள், ஆறு மாசத்தில் கால்சட்டை தொடைக்கு ஏறிவிடும். கடைசியில் ஒரு கோழியைப் பிடித்தபடியே சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. ஆளுக்கு ரெண்டு. பொதுவா ஒண்ணு, யார் அழுக்காக்குறானோ அவனுக்கு. மொத்தம் அஞ்சு. ஒரு சைஸ் பெரிசா எடுத்து மடிச்சுத் தைச்சுட்டா ரெண்டு வருஷம் ஓடும்." சொல்லி முடித்துக் கத்தியை இழுத்தாள். ரத்தம் எங்கள் இருவர் முகத்திலும் தெறித்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனாள். அந்தப் பள்ளிச் சீருடை விற்கிற கடை அது ஒன்றுதான். உள்ளே நிற்க இடமில்லை. ஏணியில் ஏறி நின்ற கடைப்பையன் சீருடைக் கட்டு ஒன்றை மேஜைமேல் போட்டான்.

"இருபத்திநாலாம் சைஸ்ல இருக்கறதே அஞ்சு ஜோடிதான்."

"அஞ்சையும் கட்டு."

சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை கட்டைப் பிடித்தது. ஒல்லியான பெண். இடுப்பில் ஒரு சிறுமி.

"மூணு எனக்கு. காலைலயே வந்து சொல்லி வச்சுட்டுப் போனேன்."

"சொல்லி வச்சா? சீட்டு இருக்கா?"

"உனக்கு எதுக்கு அஞ்சு? நீயே கடை போடப் போறியா?"

"ரெண்டு புள்ளைங்கடி எனக்கு!"

"ஒரே நேரத்துல ரெண்டு பெத்தா அது என் தப்பா?"

அந்தப் பெண் கட்டை இழுத்தாள். கத்தியக்கா அவள் கொண்டையைப் பிடித்தாள். இடுப்பிலிருந்த சிறுமி வழுக்கித் தரையில் விழுந்து வீறிட்டது. அதைக் கண்டதும் அந்த ஒல்லி உடம்புக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, தலையைக் குனிந்து கத்தியக்காவின் தோளில் பல்லைப் பதித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்தார்கள். கண்ணாடி நொறுங்கியது. கத்தியக்காவின் முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. அப்போதும் அந்தப் பெண்ணின் விரல்கள் கட்டை விடவில்லை. கத்தியக்கா அந்த விரல்களில் ஒன்றைப் பிடித்துப் பின்னால் வளைத்தாள். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

முன்னவன் கத்தி அழுதான். பின்னவன் அழவில்லை. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காலடியில் ஈரம் பரவியதை யாரும் கவனிக்கவில்லை.

போலீஸ்காரர் வந்து இருவரிடமும் எழுதி வாங்கினார். கடைக்காரர் பஞ்சாயத்துப் பண்ணினார். விரல் ஒடிந்தவளுக்கு மூன்று, கண்ணாடியை உடைத்தவளுக்கு இரண்டு. ரத்தக் கறை பட்ட சட்டையும் அந்த இரண்டில் ஒன்று. இனிமேல் கடைப் படியை மிதிக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். ரத்தக் கறையை எப்படி எடுப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து எடுத்துவிட்டாள்.

"ஆளுக்கு ஒண்ணு," என்றான் தம்பி. "கடைசில என் கணக்குக்கே வந்துட்டே. இதுக்கு எதுக்குக்கா ஒருத்தி விரலை ஒடிக்கணும்?"

அவள் தட்டை எடுத்து வீசினாள். அவன் குனிந்துகொண்டான்.

முதல் நாள் லீவு போட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போனாள். ஒன்றாம் வகுப்பு வாசலில் அழுகிற குழந்தைகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி விட்டுக்கொண்டிருந்தாள் ஆயா. நடுவிரலில் கட்டு. அதே ஒல்லிப் பெண்.

கத்தியக்கா கிட்டே போய், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"என் புள்ளைங்க மேல ஒரு நகம் பட்டுச்சு..."

"பட்டா? இன்னொரு விரலை ஒடிப்பியா? மணி அடிச்சாச்சு. வழிய விடு."

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. பிள்ளைகள் வந்ததும் சட்டையைக் கழற்றி, முதுகு, கை, காதுமடல் எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வெயிலில் நிறுத்திப் பார்ப்பாள். எட்டு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் பின்னவனின் இரண்டு தொடையிலும் உள்பக்கம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

"யாருடா பண்ணது?"

அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துத் தொடையை மூடிக்கொண்டான்.

"ஆயாவா?"

தலை லேசாக ஆடியது. "ஆயா கால்சட்டையக் கழட்டினாங்க."

"அப்புறம்?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

மறுநாள் வேலைக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள். "ஹெட்மிஸ்டரஸைப் பாரு. தம்பியைக் கூட்டிட்டுப் போ," என்றேன். கேட்ட மாதிரி தலையை ஆட்டினாள். ஒன்பது மணி வரைக்கும் அறுத்தாள். திடீரென்று கை நின்றது. கோழிகள் அறுபடாமல் சிறகடித்துக்கொண்டு என்னைத் தாண்டி, இறகு உதிர முக்கி எடுக்கிற வெந்நீர்த் தொட்டிப் பக்கம் போகத் தொடங்கின. சூப்பர்வைசர் கத்தினார். எத்தனை முடியுமோ அத்தனையை நான் வெட்டினேன். இரண்டு உயிரோடே தொட்டிக்குள் போயின. திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. பூட்ஸும் ஏப்ரனும் போட்டபடியே ஆட்டோ ஏறியிருந்தாள். இடுப்பு உறையில் கத்தியும் இருந்தது.

பள்ளிக் காவலாளி ரத்தம் சொட்டும் ஏப்ரனைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். ஆயா எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கட்டடத்தின் பின்பக்கம் குழாயடியில், ஒரு சின்னக் கால்சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றிருந்தாள். கத்தியக்கா போன வேகத்தில் அவளைக் கழுத்தோடு சுவரில் அறைந்தாள். பின்மண்டை மோதிய சத்தம் வகுப்புவரை கேட்டது. ஒரு கை குரல்வளையை நெரித்தது. இன்னொரு கை இடுப்புக்குப் போனது. பிறகு அவளே என்னிடம் சொன்னாள்: "உறைல கை வச்சது எனக்குத் தெரியவே இல்ல. கோழிக்குப் போற மாதிரி தானாப் போச்சு."

ஆயாவின் கண் பிதுங்கியது. கால்கள் தரையில் உதைத்தன.

"அம்மா! ஆயாவ விடும்மா!"

கழிப்பறை வாசலில் பின்னவன் நின்றிருந்தான். காய்ந்த, மடிப்புக் கலையாத ஒரு புதுக் கால்சட்டை போட்டிருந்தான்.

"நான்தாம்மா ஒண்ணுக்குப் போயிட்டேன். தெரியாமப் போயிட்டேன். ஆயாவ விடும்மா."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் புதுக் கால்சட்டையும் நனைந்தது.

அவள் கை தளர்ந்தது. ஆயா சரிந்து விழுந்து, இருமி, எச்சிலோடு ரத்தம் துப்பினாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பிடித்து எழுந்தாள். எழுந்தவள் கையிலிருந்த ஈரக் கால்சட்டையை ஓங்கிக் கத்தியக்காவின் முகத்தில் ஒரு அடி அடித்தாள். திருப்பி இன்னொன்று. மூன்றாவதில் பட்டன் பட்டு உதடு கிழிந்தது. கத்தியக்கா தடுக்கவில்லை.

"தினமும் போறான்டி," என்றாள் ஆயா. குரல் பாதிதான் வந்தது. "முதல் நாள்லேருந்து. டீச்சர் கொஞ்சம் சத்தமாப் பேசுனாப் போதும். வீட்டுக்குப் போறதுக்குள்ள மேலேயே காஞ்சிடும். ஈரத்தோட உட்கார்ந்து உட்கார்ந்து தொடை உரிஞ்சு போச்சு. நேத்துதான் நான் பார்த்துக் கேட்டேன். என் பொண்ணுக்கு வாங்கினதை எடுத்து மாட்டிவிட்டுட்டு, இவனோடதைத் துவைச்சுக் காய வச்சுக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"யாரு, நானா? உங்கிட்டயா?" ஆயா கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினாள். "அவன்தான் என் காலைப் பிடிச்சுக் கெஞ்சுனான். அம்மாகிட்ட சொல்லாதீங்க, அம்மா விரலை ஒடிச்சிடும்னு."

கத்தியக்கா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற இரண்டு பேரையும் அவள் அன்றுவரை ஒரு அடி அடித்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள். பின்னவனின் பார்வை அவள் இடுப்பிலேயே இருந்தது. அவள் உறையைக் கழற்றித் தூரப் போட்டாள்.

ஹெட்மிஸ்டரஸ் போலீஸைக் கூப்பிட்டே தீருவேன் என்று போனை எடுத்தார். ஆயாதான் வேண்டாமென்றாள். பாவம் பார்த்து இல்லை. "இவ உள்ள போய்ட்டா இந்த ரெண்டையும் நான்தான் கட்டி அழணும். இனிமே கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. வச்சா நானே புகார் எழுதித் தரேன்," என்றாள். பிறகு தொண்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அப்புறம், அந்தத் தாளைப் பார்த்து அஞ்சு அஞ்சுன்னு அலையாதே. சட்டை ஆளுக்கு ரெண்டு போதும். கால்சட்டை ஆளுக்கு நாலு வேணும். ஒண்ணு எப்பவும் பையில இருக்கணும். இந்த வயசுல மேல ஆகுற அழுக்கு பெரிசில்ல. கீழதான் எல்லாம். பன்னண்டு வருஷமா இதைத்தான் அலசிட்டிருக்கேன்."

ஆலையில் அவளை ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்கள். கத்தியோடு வெளியே போனதற்காக அறுக்கிற வரிசையிலிருந்து எடுத்து, பை கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். கடைக்குத் தம்பி போய், புதுச் சரக்கு வந்ததும், இருந்தது போக இன்னும் சட்டை இரண்டும் கால்சட்டை ஆறும் வாங்கி வந்தான். அன்றைக்கு அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் விடுவது எப்போதும் போல அவன்தான். சாயங்காலம் அவள் தெருவின் எதிர்ப்பக்கம் நிற்பாள். ஆயா இருவரையும் கைபிடித்து ரோட்டைத் தாண்டி விட்டுவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போவாள். இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவள் சாதுவாகிவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷமே பஸ்ஸில் இடித்த ஒருவனின் மூக்கை உடைத்தாள். அன்றைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன், நன்றாகத்தான் உடைத்தாள். ஆனால் பிள்ளைகள் கூட இருக்கும்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பின்னவனுக்கு அந்தப் பழக்கம் சட்டென்று போகவில்லை. வீட்டிலும் நனைப்பான். நனைத்துவிட்டுக் கதவு மூலையில் நின்று அவள் கையையே பார்ப்பான். அவள் துடைத்து, பவுடர் போட்டு, வேறு மாட்டி விடுவாள். தினமும் அப்படித்தான். மாசக் கணக்கில்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் இருவரும் தரையில் பாட்டில் மூடிகளை வைத்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னவன் வண்டியை விடாமல், அவள் கையைப் பார்க்கத் தலையையும் தூக்காமல் சொன்னான்:

"அம்மா, நனைஞ்சு போச்சு. வேற குடு."

அவள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். ரொம்ப நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"எடும்மா," என்றான் அவன்.