ஏழாம் இலக்கக் கதவு

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கையால் நேராக அமைந்தது ஒன்றே ஒன்றுதான். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், என் வீட்டுக் கதவில் வெள்ளைப் பெயின்டால் நான் எழுதிய ஏழு என்ற இலக்கம். அதைப் பார்க்கும்போதெல்லாம் பத்திரிகை அக்கா நினைவுக்கு வருவார்.

அக்கா ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேலிருந்த அறையில் மாதம் ஒரு செய்திமடல் நடத்தினார். மலைநாட்டுக்கு அப்போதுதான் வந்துகொண்டிருந்த புரோட்பேண்ட் இணையத்தைப் பற்றி மட்டுமே அதில் இருக்கும். எந்த ஊருக்கு பைபர் கேபிள் வருகிறது, எந்தக் கோபுரம் பழுது, எந்தக் கம்பனி என்ன கட்டணம் கேட்கிறது என்றெல்லாம் எழுதுவார். போன் கடைக்காரர்களும் கேபிள் இழுப்பவர்களும் கொழும்பில் கம்பனி அதிகாரிகளும் வாங்கிப் படித்தார்கள். பாண் வாசனை ஏறிய அந்தத் தாள்களை மடித்துப் பின் அடித்து, வட்டவளை, ராகலைக் கடைகளுக்கு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் தோட்டத்துக்கும் பைபர் வந்தது. கேபிள் லயத்து வாசல் வழியாகவே போய், தோட்ட மேலாளரான துரையின் பங்களாவோடும் தோட்டத்து ஆபீஸோடும் நின்றுவிட்டது. என் மகள் போனில் பாடம் கேட்பதற்கு, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் குடை பிடித்து உட்காருவாள். அட்டை கடித்த கால்களோடு இறங்கி வருவாள். வீட்டுக்கு இணைப்புக் கேட்டேன், இணையக் கம்பனி மறுத்துவிட்டது. அக்காவிடம் சொன்னதும் அங்கேயே கம்பனிக்குப் போன் எடுத்தார்.

"அந்த முகவரிக்கு ஏற்கனவே லைன் குடுத்தாச்சே, மேடம்" என்றார் அதிகாரி.

அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்தின் பெயரில் ஆபீஸுக்குத்தான் வரும். கம்பனிக் கணினியில் பங்களாவும் எங்கள் லயமும் ஒரே வீடு.

"அப்ப துரையும் நீங்களும் ஒரே அடுப்புலதான் சமைக்கிறீங்க" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "பெயின்ட் வாங்குங்க. ஒவ்வொரு கதவுக்கும் இலக்கம் போடுங்க. நான் படம் எடுத்து முன்பக்கத்துல போடுறேன்."

கதவு கதவாகப் போய்க் கேட்பதை நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மகளின் கால்களை நினைத்துக்கொண்டு போனேன்.

"என்னண்ணே, கைதிக்குப் போடுற மாதிரி நம்பர் போடுறீங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"போட்டாத்தான் லைன் வரும்" என்றேன்.

அவர் மனைவி உள்ளேயிருந்து, "வாயே தொறக்காத மனுசன் வந்து கேக்குறாரு, போடட்டும் விடுங்க" என்றார். அதன் பிறகு யாரும் தடுக்கவில்லை. எங்கள் லயம் முழுவதும் இலக்கம் ஏறியது.

அந்த மாத இதழின் முன்பக்கத்தில் எங்கள் கதவுகள் வரிசையாக நின்றன. மேலே பெரிய எழுத்தில், 'இது ஒரே வீடா?' கம்பனி யாரிடம் சாக்குச் சொன்னாலும் அந்த மடலைப் படிப்பவர்களிடம் சொல்ல முடியாது. எல்லாரும் அதே தொழிலில் இருப்பவர்கள். கடைக்காரர்களே கம்பனியிடம் கேட்கத் தொடங்கினார்கள். கடைசியில் லயத்து இலக்கத்தையும் கதவு இலக்கத்தையும் முகவரியாக ஏற்றுக்கொண்டார்கள்.

கேபிள் இழுக்க வந்தவர் என் வாசலில் நின்று, "ஏழாம் இலக்கம், லைன் வந்துருச்சு" என்று போனில் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். இணைப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மகள் முதலில் அக்காவைத்தான் வீடியோவில் அழைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அங்க ஒளிஞ்சு நிக்கிறது தெரியுது. முன்னால வாங்க, இது உங்க லைன்" என்றார் அக்கா. போனேன்.

இப்போது அக்கா கொழும்பில் இருக்கிறார். மடல் போனுக்கே வருகிறது, மடிக்க வேண்டியதில்லை. நான் எழுத்துக்கூட்டி முழுவதும் படிக்கிறேன். பொங்கலுக்கு அவர் அனுப்பிய வாழ்த்து அட்டை இன்று ஆபீஸுக்குப் போகாமல் நேரே என் வாசலுக்கு வந்தது. அதிலும் ஏழாம் இலக்கம்; தபால்காரரும் இப்போது கதவு இலக்கம் பார்த்துத்தான் கொடுக்கிறார். அப்போது நான் கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, அதே இலக்கத்தை மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன்.

இதை எழுதி முடித்தது தைப்பொங்கலுக்கு முதல் நாள், கதவில் பெயின்ட் காய்வதற்குள்.