இரண்டு தோளிலும் மாட்டும் பை

மகளின் வலத்தோள் தாழ்ந்திருப்பதை முதலில் கண்டவள் என் மனைவி. புது வெள்ளை யூனிபோமைப் போட்டுப் பார்த்தபோது, ஒரு பக்கச் சட்டைக்கை ஒரு விரலளவு இறங்கித் தெரிந்தது. தையல் பிழை என்றேன். தில்லையடியில் பை தைக்கிற கடை வைத்திருப்பவனுக்குப் புத்தி அப்படித்தானே போகும். தையலில் பிழை இருக்கவில்லை.

கிளினிக்கில் டொக்டர் மகளைக் குனியச் சொல்லி, முதுகைத் தடவிப் பார்த்தார். எலும்பு நேர்தான், தசைதான் ஒரு பக்கம் இழுக்கிறது என்றார், சிங்களமும் தமிழும் கலந்து. பள்ளிக்கூடப் பையை இரண்டு தோளிலும் மாட்ட வேண்டும். முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் குறையாவிட்டால் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவாராம். கொழும்பு என்ற அந்தச் சொல் எங்களோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. சோற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பாயில் எனக்கு முன்னரே படுத்துக்கொண்டது.

எத்தனை வருடத் தையல்! சிப் ஓடுகிறதா, வார் தாங்குமா என்று இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறேன். அது எந்த முதுகில் தொங்கப்போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

மகளை முன்னறையில் நிறுத்தி அளந்தேன். அகல வார், உள்ளே ஸ்பொஞ், பாரமான புத்தகங்களுக்கு முதுகை ஒட்டி ஓர் அறை, நெஞ்சுக்குக் குறுக்கே கிளிப். தைத்து முடித்தபோது எனக்கே என் மேல் மதிப்பு வந்தது.

நாலாம் நாள் கடை வாசலில் நின்று பார்க்கிறேன்: கச்சான் காற்றில், தலையையும் தோளையும் மூடி இறங்கும் பர்தா பறக்க, மகள் வருகிறாள். பை ஒரே தோளில்.

"ஏன் மகள், ரெண்டு தோள்லயும் போடச் சொன்னதுதானே?"

"வாப்பா, நீங்க ஒருக்கா பர்தாவப் போட்டுட்டு இத மாட்டிப் பாருங்களேன்."

வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். மனைவி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மாஷா அல்லாஹ், நல்ல புள்ள! தாடிதான் கொஞ்சம் வெளிய தெரியிது."

பையை மாட்டினேன். துணி வாருக்குள் அகப்பட்டு இறுகியது. பக்கவாட்டில் திரும்பினால் தொண்டையை இழுத்தது. நாடிக்குக் கீழே பர்தாவின் ஊசி குத்தியது.

"இப்ப விளங்குதா? ஒரு பக்கத்தக் கழட்டினாத்தான் கழுத்துத் திரும்பும்" என்றாள் மகள்.

விளங்கியது. வீட்டுச் சட்டையோடு நின்ற மகளை அளந்திருந்தேன்; பள்ளிக்கூடம் போகிற மகளை அளக்கவில்லை.

பிரித்தேன். முதலில் வாரை மாட்டி, அதற்கு மேல் பர்தாவை விடலாம் என்றாள் மகள். செய்து பார்த்தோம். கண்ணாடி முன் நின்றவள் அழுகிற முகத்தோடு திரும்பினாள்.

"ஒட்டகம் மாதிரி இரிக்கி. நான் போகமாட்டன்."

மறுபடியும் தையலைப் பிரித்தேன். பையின் மேல்பக்கத்தைத் தட்டையாக்கி, தடிப்பைக் கீழே இறக்கினேன், இடுப்புக்குச் சற்று மேலே. துணி அதன் மேல் சரிந்து விழுந்தது, கூனில்லாமல். கிளிப்பை, பர்தாவின் ஓரத்துக்குள் கைவிட்டால் எட்டுகிற இடத்தில் வைத்தேன். மகள் இடமும் வலமும் கழுத்தைத் திருப்பினாள். வாசல்வரை ஓடி வந்தாள். போய்ப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினாள்.

அதன் பிறகு கடை வாசலில் நின்று மகளின் கைகளைத்தான் பார்ப்பேன். இரண்டும் சும்மா இருக்கும். சும்மாவா? ஒன்றில் உறிஞ்சிக்கொண்டு வரும் ஐஸ் பக்கெட், மற்றது கூட்டாளியின் முதுகில் அடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து டொக்டர் அவளை நடக்கச் சொன்னார், குனியச் சொன்னார், தோள்களில் கை வைத்துப் பார்த்தார்.

"சமமா இருக்கு. இனி வர ஓன இல்ல, வேணாம்."

கொழும்பு எங்களோடு பஸ் ஏறவில்லை. ஜன்னலால் உப்புக் காற்று வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. இறங்கியதும் மகள் பையை என்னிடம் நீட்டினாள், இன்றைக்கு நீங்க தூக்குங்க என்று. வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"வாப்பா! ரெண்டு தோள்லயும்!"