உறைபனி நீக்கி

"நமது காருக்குக் கண்பார்வை தெளிவாயுள்ள டிரைவர் தேவைப்படுகிறபடியால், தாங்கள் வருகிற வியாழக்கிழமை காலை நேரில் வரவும்." செங்கல்பட்டிலிருந்த ஒருவருக்கு, நான் ரைட்டராக வேலை பார்த்த காஞ்சிபுரம் பட்டுக்கடையின் முதலாளி சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் இது. நகல் என்னிடம் இருக்கிறது. ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை என்று போட்டிருக்கிறேன், வருடம் போடவில்லை. நகலுக்கு எடுத்த தாளின் தலைப்பில் 'மதராஸ் ராஜ்யம்' என்று அச்சாகியிருப்பதால் 1969க்கு முந்தியது என்று முதலில் முடிவு செய்தேன். பிறகு, ராஜ்யத்தின் பெயர் மாறியும் பழைய தாள் தீரும்வரை அதில்தான் எழுதினோம் என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே அறுபத்தெட்டோ எழுபதோ, எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கடிதத்தால் வேலை போக இருந்தவரை நாங்கள் டிரைவரண்ணன் என்போம். ஐம்பதைத் தாண்டியவர். அந்த வயதில் இன்னொரு முதலாளி அவருக்குக் கிடைக்கமாட்டார். கார், நீலகிரியில் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து கைமாறி வந்த சீமை வண்டி. அந்த வாரம் மாகறலிலிருந்து கொட்டும் மழையில் திரும்பினோம். நனைந்த துணியோடு ஐந்து பேர் உள்ளே. எல்லா ஜன்னலும் ஏற்றியிருந்தது, முதலாளி பக்கத்தைத் தவிர. அவருக்கு வெற்றிலை துப்பவேண்டும். துப்பத் தலையை நீட்டியவர், "மாட்டு வண்டிபா! மாட்டு வண்டி!" என்று அலறினார். டிரைவரண்ணன் ஒடித்த ஒடிப்பில் சக்கரம் சேற்றில் இறங்கி நின்றது.

"எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா? கண்ணுல பூ விழுந்துடுச்சா?"

"வைப்பர் ஓடிக்கினுதான் இருக்குது மொதலாளி. கண்ணாடிதான் தெளியமாட்டேங்குது."

"வைப்பர் ஓடினா போதுமா? கண்ணு ஓட வேணாமா?"

வைப்பர் வெளியே மழையைத் துடைத்துக்கொண்டிருந்தது. மங்கல் உள்பக்கம் படிந்திருந்தது. இந்த வித்தியாசம் ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் அவருடைய கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். வெள்ளிக்கிழமை கடிதத்தை எழுதி முடித்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். "ரெண்டு நாள் குடுங்க மொதலாளி, வண்டிய மெக்கானிக் பாய்கிட்ட காட்டிடறேன்" என்றார். முதலாளி என்னிடம், "திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிரு, அப்புறம் தபால்ல சேத்துடு" என்றார்.

இதில் என் பங்கு ஒன்று உண்டு. முந்திய ஆண்டு மழையிலேயே டிரைவரண்ணன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குமிழைக் காட்டி, "ரைட்டரே, இதுல இங்கிலீசுல இன்னா எழுதிக்கினு இருக்குது, பாத்து சொல்லுபா" என்று கேட்டிருந்தார். வண்டியோடு வந்த புத்தகத்தில் டீஃப்ராஸ்டர் என்று இருந்தது. அகராதியைப் பார்த்து, "உறைபனி நீக்கி" என்றேன். "காஞ்சிபுரத்துல உறைபனியா? மார்கழி பஜனைக்குப் போறவன் மப்ளர் கட்டறதோட சரி!" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். கடிதம் எழுதிய அன்று மாலைதான் அதை மறுபடி திறந்து அடுத்த பத்தியையும் படித்தேன். மழைக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் படியும் ஈரத்தையும் அது சூடான காற்றால் போக்கும் என்று எழுதியிருந்தது. உடனே போய் டிரைவரண்ணனிடம் சொன்னேன்.

சனிக்கிழமை பட்டறையில் முதலாளியும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மெக்கானிக் பாய் குமிழை இழுத்தார்; விசிறி ஓடும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்குக் கீழிருந்த நீண்ட துளைகளின்மேல் கையை வைத்தார். காற்றே இல்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், காற்றைச் சூடாக்க இன்ஜினிலிருந்து சுடுதண்ணீர் உள்ளே போகும் குழாயின் திருகு இறுக மூடியிருந்தது. "நம்ம ஊரு வெயிலே போதும்னு எவனோ மூடி வெச்சிருக்கான்" என்று திறந்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். காலடியில் அனல் வந்தது. கண்ணாடிக்கு மட்டும் வரவில்லை. பாய் குழம்பிப்போய் ஒரு பீடி பற்றவைத்தார். டிரைவரண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பாய் உள்ளே படுத்து, துளைக்குப் போகும் தடித்த குழாயைக் கழற்றிச் செய்தித்தாளில் தட்டினார். குங்குமம், விபூதி, காய்ந்த பூ, பிறகு ஒரு கைப்பிடி ஊதுவத்திக் குச்சிகள் விழுந்தன. வெள்ளிதோறும் காருக்குப் பூசை போட்டு அந்தத் துளைகளில் ஊதுவத்தி செருகியவர் முதலாளியேதான்.

"ஊதுவத்திக்குன்னே வெச்ச ஓட்டைன்னு நெனச்சேன்பா" என்றார் அவர்.

"வெள்ளைக்காரன் அங்க மலையில வெள்ளிக்கெழம பூசை போட்டுக்கினு இருந்தான்னு நெனச்சீங்களா மொதலாளி?" என்றார் பாய். முதலாளியே சிரித்துவிட்டார். டிரைவரண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்ணைப் பற்றியோ கடிதத்தைப் பற்றியோ முதலாளி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நல்ல மழை. முதலாளி வழக்கத்துக்கு மாறாக முன்சீட்டில் உட்கார்ந்து, என்னைக் கடிதத்தோடு பின்னால் ஏறச் சொன்னார். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் போனோம். மூச்சில் மங்கிய கண்ணாடி கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தூரத்தில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.

"அந்த பஸ்ல இன்னா ஊரு போட்டுக்கினு இருக்குது, சொல்லு."

"ஸ்ரீபெரும்புதூரு, மொதலாளி."

கொஞ்ச தூரம் போய் அதை எட்டிப் பிடித்தோம். பின்பக்கப் பலகையில் ஸ்ரீபெரும்புதூர் என்றுதான் இருந்தது. முதலாளி திரும்பிப் பார்க்காமலே, "ரைட்டரே, அந்தக் கடுதாசியக் கிழிச்சுடு" என்றார். கிழித்தேன். டிரைவரண்ணன் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓட்டினார், எங்கும் மோதவில்லை.

ஆனால் அந்த நேரத்துக்கு அந்தச் சாலையில் வேறு ஊர் பஸ் கிடையாது. இது எனக்கு உறைக்கச் சில மாதங்கள் ஆயின. பதில் சொல்லுமுன் அவர் காரிலிருந்த கடிகாரத்தை ஒரு கணம் பார்த்ததாகவும் ஒரு நினைவு. அது பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். அவர் படித்துச் சொன்னாரா, மணி பார்த்துச் சொன்னாரா என்று அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. இன்றுவரை இது உறுதிசெய்யப்படாத செய்தி.