தானமாகக் கொடுத்த பத்து சென்ட்

என் மகனுக்குக் காது கேட்காது. பரமக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் கிராமத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவதாக ஒரு அறக்கட்டளைக்காரர் வந்தார். என் பெயரிலிருந்த பத்து சென்ட் நிலத்தைத் தானமாகக் கொடுக்கச் சம்மதித்தேன்.

பதிவு அலுவலகத்தில் பத்திரத்தை வாசித்துப் பார்க்க நினைத்தேன். என் கொழுந்தனார், "தர்மத்துக்குக் குடுக்கையில கண்டிசன் பேசுவாகளா, மதினி? கையெழுத்தப் போடுங்க" என்றார். எங்கள் பக்கம் தானம் கொடுக்கும்போது கேள்வி கேட்பது கேவலம். கூச்சத்தில் போட்டுவிட்டேன்.

பள்ளி ஒரு வருடம்தான் நடந்தது. பிறகு அங்கே அந்த அறக்கட்டளைக்காரருடைய மருமகனின் உரக்கடை எழும்பியது. அறக்கட்டளைக்காரரிடமே கேட்கப் போனேன்.

"பள்ளிக்கூடம்னு பத்திரத்துல எங்கனம்மா இருக்கு? காட்டுங்க பாப்போம்" என்று சிரித்தார்.

உண்மையிலேயே இல்லை. எதற்காகக் கொடுக்கிறோம், அது நடக்காவிட்டால் நிலம் என்னிடமே திரும்பி வர வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டுமாம், வக்கீல் சொன்னார். என் மகன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அந்த மனுஷனின் மருமகன் என் நிலத்தில் உரம் விற்கிறான்.

இப்போது ஊரில் யார் தானப் பத்திரம் எழுதினாலும் கூப்பிடாமலே போய்விடுகிறேன். அந்த இரண்டு வரிகளையும் எழுதி, சத்தமாக வாசிக்கும்வரை யாரையும் கையெழுத்துப் போட விடுவதில்லை. நாலு பேர் முன் பேச எனக்கு இன்னும் நடுக்கம்தான். நடுங்கிக்கொண்டே கேட்கிறேன்.