எல்லைக் கல்லுக்குக் குழி வெட்டியவர்

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், சொந்த உழைப்பில் மூன்று லாரி வாங்கியவன். அதற்கெல்லாம் முன்பு, பாறசாலைப் பக்கம் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரித்து நட்ட எல்லைக் கற்களைச் சுமந்தது என் மாட்டுவண்டிதான்.

குழி வெட்ட ஒருவர் வந்தார். மெலிந்து நரைத்த மனிதர். எங்கள் பக்கத்து ஊர்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று நடந்த போராட்டத்தில் போலீஸ் அடித்த அடியில், அவருடைய இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. ஒவ்வொரு குழி முடிந்ததும் மண்வெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் பீடி பற்றவைப்பார்.

அன்று கல் நடவேண்டிய இடம் அவர் வீட்டுக்குத் தெற்கே வந்தது. வீடு கேரளத்திலேயே நின்றுவிட்டது.

“ஓய், சேரணும்னு அடிவாங்கினது நீரு. சேராம நிக்கது உம்ம வீடாக்கும்!” என்று கேலி செய்தேன்.

“எனக்குள்ளது போச்சு மக்கா” என்றார். வெட்டுவதை நிறுத்தவில்லை.

“ஒரு முழம் போதும் ஓய். எனக்கு அடுத்த கல்லு ஏத்தணும்.”

“ஆழமா இருக்கட்டு. நாளைக்கு ஆராவது இதப் பிடுங்க வந்தா, பின்னயும் பிள்ளையளுக்காக்கும் அடி.”

இடுப்பு மறையும்வரை வெட்டினார். யாருக்காகவும் காத்திருந்து பழக்கமில்லாத நான், மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு அவர் முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.