ஒரே நாளில் எடுத்த படங்கள்

இங்கிலாந்திலிருந்து மோகனப்ரியா திரும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. மூக்கண்டப்பள்ளியில் அதே வாடகை வீடு. பிராட்போர்டில் வாங்கிய முதுகலைப் பட்டம் பீரோவில் இருந்தது. வேலை, பைக்குக்கு பிரேக் பாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில். வார்ப்பில் விரிசல் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் சிவப்புத் தட்டில் போட வேண்டும். இதற்குப் பன்னிரண்டாவது போதுமே என்று சூப்பர்வைசர் ஒருமுறை சொன்னார். கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் வருத்தப்பட்டுச் சொன்னார்.

அப்பா முனிவேல் இருபத்திரண்டு வருடமாக லேத் ஆபரேட்டர். மகள் அங்கே இருந்தபோது அனுப்பிய படங்களை கம்பெனி பஸ்ஸில் காட்டாத ஆள் பாக்கியில்லை. கடற்கரையில் மோகனப்ரியா, பழைய கோட்டைச் சுவருக்கு முன்னால் மோகனப்ரியா, சிவப்புக் கோட்டு, நீலக் கோட்டு, சாம்பல் கோட்டு. "வாரம் ஒரு எடம் போவுதுங்க எம் பொண்ணு" என்பார்.

அவளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த கன்சல்டன்சி பாகலூர் ரோட்டில் இருந்தது. அதன் முதலாளி ஜெகதீஷ் மார்ச் மாதம் போன் செய்தார்.

"ப்ரியா மேடம், நாப்பது பசங்க கெளம்புறாங்க. பேரண்ட்ஸும் வராங்க. டெய்லி லைஃப், சுத்திப் பாக்க எடம், இது ரெண்டும் நீங்க பேசினா போதும். இருபது நிமிஷம்."

மறுக்கத்தான் நினைத்தாள். ஆனால் திரும்பி வந்த பிறகு, உனக்கு ஏதோ தெரியும் என்று யாரும் அவளை எங்கேயும் கூப்பிட்டதில்லை. சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம். வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் அவளுடைய கடற்கரைப் படம், ஆளுயரத்துக்கு. உள்ளே நுழையும்போது அதைப் பார்க்காமல் தாண்டினாள்.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. ரூம் எடுக்கும்போது அலமாரியை நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள், கருப்பாகப் பூஞ்சை இருந்தால் அந்த ரூம் வேண்டாம் என்றாள். துணியை ரூமுக்குள் காயப்போட்டால் அந்தப் பூஞ்சை உங்களால்தான் வந்தது என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதனால் பகலில் கொஞ்ச நேரமாவது வெளியே நடந்துவிடுங்கள். பெரிய மியூசியங்கள் பலவற்றில் டிக்கெட் கிடையாது. ரயில் டிக்கெட்டை முன்கூட்டி எடுத்தால் பாதிக்கும் கீழே கிடைக்கும். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒரு பையன் செல்போனில் ரெக்கார்டு செய்தான். ஜெகதீஷின் ஆள் ஓரமாக நின்று வீடியோ எடுத்தான்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். மத்திகிரியிலிருந்து வந்திருந்த மங்கம்மா. பக்கத்தில் அவருடைய மகள் சுவாதி, அம்மாவின் முந்தானையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தாள்.

"நீ அங்க எத்தன எடம் பாத்த கண்ணு? எதெது நல்லாருக்குது, சொல்லேன். எம் பொண்ணும் பாக்கட்டும்."

பட்டியல் தயாராக, அச்செடுத்து மேஜை மேல்தான் இருந்தது. ஒன்பது இடங்கள், எல்லாம் அவள் நெட்டில் பார்த்து எழுதியவை. மோகனப்ரியா அந்தத் தாளைப் பார்த்தாள், மங்கம்மாவைப் பார்த்தாள்.

"ஒண்ணுங்கம்மா," என்றாள்.

"ஒண்ணா?"

"ரெண்டு வருசத்துல ஒரே ஒரு நாள்தாங்க போனேன். வாசல்ல இருக்குற படம் அன்னைக்கு எடுத்தது. என்னோட ரூம்ல ரெண்டு தெலுங்குப் பொண்ணுங்க இருந்தாங்க. கடலும் பழைய கோட்டையும் ஒரே ஊர்லதான். மூணு பேரும் எங்க கோட்டுங்கள மாத்தி மாத்திப் போட்டு எடுத்துக்கிட்டோம். அதைத்தான் நாலு மாசம் கொஞ்சம் கொஞ்சமா வீட்டுக்கு அனுப்பினேன். மத்த நாளெல்லாம் கிளாஸ், கிளாஸ் முடிஞ்சா குடோன்ல பெட்டி ஒட்டுற வேலை. படிப்பு முடிஞ்சப்புறமும் அதே குடோன்தான். படிச்ச படிப்புக்கு நூத்தி எண்பது எடத்துல கேட்டேன். விசா முடிஞ்சுது, வந்துட்டேன்."

ஜெகதீஷ் சிரித்துக்கொண்டே மேடையேறி மைக்கை வாங்கினார். "மேடம் ரொம்ப ஹோம்சிக் டைப். அம்மா சாப்பாடு இல்லாம இருக்க முடியாதுன்னு ஓடி வந்துட்டாங்க!" என்றார். கூட்டம் நிம்மதியாகச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் எல்லோரும் காத்திருந்ததுபோல இருந்தது.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மங்கம்மா வந்தார். ஆறுதல் சொல்ல வருகிறார் என்று நினைத்தாள்.

"நீ போயிட்டு வந்துட்ட. எம் பொண்ணு போறப்ப மட்டும் உனக்கு ஏம்மா வயித்தெரிச்சலு?" என்றார் மங்கம்மா. சத்தம் போடவில்லை. "நல்லதா நாலு வார்த்த சொல்லி அனுப்பினா உனக்கு என்ன கொறஞ்சி போவுது?"

சுவாதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இருவரும் ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

செய்தி அவளுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. கூட்டத்தில் அப்பாவோடு வேலை செய்பவர் ஒருவரின் மகனும் இருந்திருக்கிறான். அப்பா டிவியைப் போடாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் முகம் கழுவி வந்ததும் கேட்டார்.

"பெட்டி ஒட்டினியா?"

"ஆமாப்பா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பஸ்ல படம் காட்டறதா அம்மா சொன்னாங்க. அதான்."

அவர் கையைத் தேய்த்துக்கொண்டார். "பொய் சொன்ன, சரி. எங்க மனசு நோவக்கூடாதுன்னு சொன்ன. அத அப்படியே வுட்டிருக்கலாமில்ல? ஊரக் கூட்டி ஏம்மா சொன்ன?"

அவள் கஷ்டப்பட்டதைப் பற்றி ஏதாவது கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தாள். குடோன் எப்படி இருந்தது, கை வலித்ததா, குளிரில் எப்படிப் போய் வந்தாய் என்று ஏதாவது. அவர் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போனார். இரண்டு பஸ் மாற வேண்டும். அம்மா நாகம்மாள் ஐந்து மணிக்குப் பதிலாக நாலேகாலுக்கு எழுந்து அவருக்குச் சோறு கட்டினாள். பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, மோகனப்ரியாவின் கம்பெனி கேன்டீனில் ஒருத்தி செல்போனை நீட்டினாள். "அக்கா, நீங்கதானே!" கன்சல்டன்சி போட்ட வீடியோ. முதல் பத்து நிமிடப் பேச்சு மட்டும் இருந்தது. பின்சுவர், மியூசியம், ரயில் டிக்கெட். பின்னணியில் இசை. முடிவில் அந்தக் கடற்கரைப் படம். நாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

அன்றே ஜெகதீஷுக்குப் போன் செய்தாள்.

"இதுல என்ன பொய் இருக்குது மேடம்? எல்லாம் நீங்க சொன்னதுதானே," என்றார் அவர்.

சண்டை போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். "நல்லா பேசியிருக்கற," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அதை கம்பெனி குரூப்பில் போட்டிருந்தார். கீழே இருபது பேர் கைதட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை அவர் பழையபடி கம்பெனி பஸ்ஸில் ஏறினார்.

மோகனப்ரியா அந்த வீடியோவைப் பற்றி மறுபடி பேசவில்லை. சுவாதி செப்டம்பரில் கிளம்பிப் போனாள் என்று கேள்விப்பட்டாள். அதன் பிறகு இரண்டு குடும்பங்கள் வீடு தேடி வந்தன. குக்கர் எடுத்துப் போகலாமா என்று கேட்டார்கள். போகலாம், சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். வேறு எதுவும் அவர்கள் கேட்கவில்லை.